கால் பங்கு கூடுதல்

புதிதாக ஒரு லிஃப்டைப் பொருத்தி முடித்ததும் ஆளை ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் இரும்புக் கட்டிகளை ஏற்றிப் பார்ப்பார்கள். எட்டுப் பேர் போகலாம் என்று உள்ளே பலகையில் எழுதியிருந்தால், எட்டுப் பேரின் எடையோடு நிறுத்துவதும் கிடையாது. அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக அடுக்கி, மேலும் கீழும் ஓட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து. இந்த விதியை வேலையோடு நிறுத்திக்கொண்ட மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நம் ஆள் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

இரண்டு பேருக்கு டீ போடச் சொன்னால் இரண்டரை டம்ளர் போடுவார். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் கிளம்பி, போன இடத்தில் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார். சட்டை தைக்கக் கொடுத்தால் துணி மிஞ்சும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குக் 'கால்பங்கு' என்று பேர் வைத்துவிட்டார்கள், அவர் வேலை பார்க்கும் கட்டிடங்களில் குடியிருப்பவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "கால்பங்கு சாரை அனுப்புங்க" என்றுதான் ஆபீசுக்குப் போன் வரும். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் கை வைத்த லிஃப்ட் எதுவும் இதுவரை யாரையும் கைவிட்டதில்லை, அது ஊரறிந்த விஷயம்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த வட்டக் கண்ணாடியைக் கீழ வைங்க, உங்களுக்கு நல்லா இருக்காது" என்று நேராகச் சொல்லிவிடுவாள். சொன்னது சரியாகவும் இருக்கும். வீட்டில் அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு, முடிவு மட்டும் அவளுடையது. இருபத்தைந்து வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வரவில்லை.

குறை வந்தது போன மழைக்காலத்தில். ஒரு காலை, சமையலறையில் ஈரத்தரை வழுக்கி அவள் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நகர முடியவில்லை, போன் கூடத்தில் கிடந்தது. அந்த நேரத்தில் அவர் ஊரின் மறுகோடியில், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன, வேறு யாரோ பொருத்திய லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை அழ, இவர் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தார். அவள் தரையில் கிடந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போயிருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உள்ளே தகடு வைத்தார்கள், நடைப் பயிற்சி கொடுத்தார்கள், அவள் வேலைக்கும் திரும்பிவிட்டாள். கடைசியாகப் பார்த்த டாக்டர், "இனி என்கிட்ட வராதீங்க, போய் நடங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தார். அவள் தேறிவிட்டாள். தேறாதவர் இவர்தான். வீட்டில் சுவர் இருக்கும் இடமெல்லாம் கைப்பிடி வைத்தார். குளியலறையில் ரப்பர் பாய், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி. அவள் படி இறங்கினால் பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே வருவார், கோழிக்குஞ்சைக் கூண்டுக்குள் விரட்டுகிறவர் மாதிரி. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் கண்ணாடிக் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். மலைக்குப் போன இடத்தில் கண்ணாடி உடைந்துபோயிற்று என்று புதிது வாங்க வந்தவர், போனில் படங்களைக் காட்டினார். மலைமேல் காட்டுக்கு நடுவே ஒரு மரக்குடில். மின்சாரம் இல்லை. விறகடுப்பு, இரண்டு கட்டில், வாசலில் ஒரு பலகைத் திண்டு, அதற்கு எதிரே ஒன்றுமே இல்லாமல் பள்ளத்தாக்கு. வண்டி போகாது, நடந்துதான் போகவேண்டும். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் சொன்னாள்.

"ஏங்க, நாம அங்க போறோம்."

"நாம போகலாம்மா. வண்டி போற இடமாப் பாத்து..."

"வண்டி போகாத இடம். அதுக்குத்தான் போறோம்."

அவள் கண்ணில் ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்த வெளிச்சம் வந்திருந்தது. அதைப் பார்த்தபின் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் குடில்களின் காப்பாளருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் வேலைக்கு நடுவே, மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து போன் செய்தார். காப்பாளர் நல்ல மனுஷர், பொறுமையாகப் பதில் சொன்னார்.

"ரெண்டு குடில் இருக்குங்க. ஒண்ணு கீழ, ரோட்டோரம். வாசல் வரைக்கும் கார் வரும். இன்னொண்ணு மேல. ஒரு மணி நேரம் ஏறணும். நடுவுல ஓடை ஒண்ணு வரும், மரப்பாலம் போட்டிருக்கோம்."

"பாலத்துக்குக் கைப்பிடி இருக்கா?"

"இருக்குங்க. ஒரு பக்கம்."

"ஒரு பக்கம்தானா?"

"விழுந்தாலும் முழங்கால் தண்ணிதாங்க" என்று காப்பாளர் ஆறுதல் சொன்னார். அது ஆறுதலாகப் போய்ச் சேரவில்லை. கைப்பிடி இல்லாத அந்த இன்னொரு பக்கம் கண்முன்னால் வந்து நின்றது. கூட வரும் மனைவி விழுந்தால் தூக்கிக்கொண்டு வர ஆள் இருக்கிறதா, ஸ்ட்ரெச்சர் இருக்கிறதா, மேலே போன் எடுக்குமா என்று கேட்டார். ஆளுக்குச் சொல்லிவைக்கலாம், போன் எடுக்காது என்றார் காப்பாளர். அப்போதே முடிவு பண்ணிவிட்டார். கீழ்க்குடிலைப் பதிவு செய்தார். வீட்டுக்கு வந்து, "மேல காலியில்லையாம், கீழதான் கிடைச்சுது, வாசல் வரைக்கும் கார் போகுமாம்" என்று சொன்னார். இருபத்தைந்து வருடத்தில் அவளிடம் அவர் சொன்ன பெரிய பொய் இதுதான்.

அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரி, காலியில்லைன்னா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுக் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். எடுத்த துணியை மடிக்காமல் வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அந்த உட்கார்வை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து மனது இரண்டாகக் கிடந்தது. மேலேயே போனால்தான் என்ன என்று ஒரு பாதி கேட்கும். போய், அங்கே அவள் விழுந்துவிட்டால் என்று மறுபாதி கேட்கும். விழுந்தால் யார் தூக்குவது? நான் தூக்குவேன். தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் இறங்க முடியுமா? தெரியாது. தெரியாத ஒன்றை என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு அவர் தொழில் சொல்லிக்கொடுத்திருந்தது. எடையை ஏற்றி ஓட்டிப் பார்க்கவேண்டும்.

அவர் பராமரிப்பில் எட்டு மாடிக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. லிஃப்ட் நல்ல நிலையில் ஓடுகிறது, படிக்கட்டில் ஆள் நடமாட்டமே கிடையாது. ஒத்திகைக்கு அதைவிட நல்ல இடம் ஏது? டாக்டர் அறையில் அவள் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்றபோது எட்டிப் பார்த்த எண்ணை மனதில் போட்டுவைத்திருந்தார். சர்வீஸ் வேனில் இருந்த சோதனைக் கட்டிகளை எடுத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவே பழைய துண்டுகளைச் சொருகி, முதுகுப் பையில் அடுக்கினார். முதல் நாள் பாதி எடை. படியில் ஏறி, படியில் இறங்கினார். மூச்சு வாங்கியது, ஆனால் முடிந்தது. இரண்டாம் நாள் முழு எடை. முட்டி நடுங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடிக்கு ஒரு தடவை நின்று நின்று இறங்கிவிட்டார். உண்மையில் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் எடையைத்தான் தாங்கிவிட்டாரே!

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது அல்லவா? கால் பங்கு கூடுதல் வைக்காமல் எந்தச் சோதனைக்கும் அவர் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

இதற்கிடையில் கட்டிடத்தில் வேறொரு குழப்பம் கிளம்பியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கே லிஃப்டில் போகாமல் படியில் போகிறார் என்ற சேதி மாடிக்கு மாடி பரவிவிட்டது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஊதிப் பெருக்க, மூன்றாம் நாள் லிஃப்ட் காலியாக நின்றது. காய்கறிப் பையோடும் பால் பாக்கெட்டோடும் எல்லாரும் படியேறிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏழாவது மாடிக்காரர், உடம்பு கொஞ்சம் பெரியது. நான்காவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நின்று இவரை மடக்கினார்.

"கால்பங்கு சார், ஒளிக்காமச் சொல்லுங்க. லிஃப்டுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க. அருமையா இருக்கு."

"அப்புறம் நீங்க ஏன் படியில போறீங்க?"

"ஒரு சோதனைங்க."

செயலாளர் முகம் வெளிறிப்போயிற்று. சோதனை என்றால் சந்தேகம், சந்தேகம் என்றால் ஆபத்து. அவர் வேறெதுவும் கேட்கத் தெம்பில்லாமல் மேலே போனார். இவர் பையைச் சரிசெய்துகொண்டு கீழே போனார். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே ஒரு படியில் கால் வைத்தபோது இடுப்பில் கத்தியால் குத்தியதுபோல் ஒரு வலி. நின்ற இடத்தில் நின்றவர், அதற்குமேல் நிமிரவும் இல்லை, குனியவும் இல்லை.

நான்கு பேர் சேர்ந்து பையைக் கழற்றி, அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதுவரைக்கும் சரி. லிஃப்டில் இறக்கலாம் என்றதும் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நான்தானே உள்ள போறேன், வாங்க" என்று வலியோடு அவர் கெஞ்சிய பிறகுதான் உள்ளே கால் வைத்தார்கள். சத்தம் கேட்டு இறங்கிவந்து பையைத் திறந்து பார்த்த செயலாளருக்கு இரும்பைக் கண்டதும் விஷயம் வேறு மாதிரி தோன்றியிருக்க வேண்டும். உடனே மெக்கானிக்கின் மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பையில இரும்பை ரொப்பிக்கிட்டு மூணு நாளா எங்க படியில ஏறி இறங்குறார். தப்பா நெனைக்காதீங்க, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

அன்று மாலை அவர் கூடத்தில் பாய்மேல் மல்லாந்து கிடந்தார். இரண்டு வாரத்துக்குக் கனம் தூக்கக்கூடாது, மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைக்குக் கிளம்ப நான்கு நாள்தான் இருந்தது. தலைமாட்டில் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சேதி கேட்டு ஓடிவந்திருந்த அவள் தங்கை, சலவைக் கடை வைத்திருப்பவள், சுவரில் சாய்ந்து நின்று சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இரும்பு?" என்றாள் மனைவி.

"அது... ஒருவேளை நீ அங்க... முடியாமப் போயிட்டா, இறக்கிக் கொண்டுவரணுமேன்னு..."

"என்னையா?"

"ஒருவேளைக்குத்தான்."

"அது என் எடையா?"

"உன் எடைதான். கால் பங்கு கூடுதல்."

தங்கைக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"மாமா, ஒரு சந்தேகம். கீழ்க்குடிலுக்குத்தான் வாசல் வரைக்கும் கார் போகுமே? அப்புறம் எங்கேருந்து எங்க தூக்கிட்டு எறங்கப் போறீங்க?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடி வாங்க வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதுபோல.

"மேல காலி இருந்துச்சு" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார். "நான்தான் பயந்து கீழ போட்டேன். அப்புறம் உன் முகத்தைப் பாத்துட்டு மனசு கேக்கல. என்னால தூக்க முடியும்னு தெரிஞ்சுட்டா, மேலயே மாத்திடலாம்னு..."

"அப்ப, நான் நடக்கறதும் நடக்காததும் உங்க முதுகைப் பொறுத்ததா?"

அவர் பாயின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க வர நேரமாச்சுன்னு நான் ஒரு நாளாவது கோவிச்சிருக்கேனா? யாரோ ஒரு கொழந்தையை வெளிய எடுத்துக்கிட்டிருந்தீங்க. அது எனக்குத் தெரியாதா? நான் விழுந்தது ஒரு தடவைங்க. நீங்க பின்னாடியே கையை நீட்டிக்கிட்டு வர்றீங்க பாருங்க, அப்பல்லாம் எனக்குத் தெனமும் விழுந்த மாதிரி இருக்கு. கடையில நாலு பேர் முன்னாடி நான் நல்லா நிக்கிறேன். வீட்டுக்கு வந்தா நோயாளி ஆயிடறேன்."

அவள் குரல் உடைந்தது. அவருக்கு எழுந்து அவள் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கிடந்தபடியே கையை மட்டும் நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம வேணா அடுத்த மாசம் போகலாமா?" என்றார்.

"வேண்டாம். நான் போறேன். இவ வருவா."

"கடையை?" என்றாள் தங்கை.

"பூட்டு. ரெண்டு நாள் யாரும் கசங்கின சட்டையோட செத்துட மாட்டாங்க."

"நான்?" என்றார் அவர். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

"நீங்கதான் கீழ்க்குடிலை எடுத்து வச்சிருக்கீங்களே, அங்க இருங்க. மேல காலி இருக்கான்னு இப்பவே கேளுங்க. நீங்கதான் கேக்கணும்."

போனை அவர் காதருகே வைத்தாள். காப்பாளர் எடுத்தார். மேல் குடில் காலியாகத்தான் இருந்தது. பதிவு செய்துகொண்டபின் காப்பாளர் மறக்காமல் கேட்டார்.

"அன்னைக்கு அந்த அம்மாவுக்காக ஆள் கேட்டீங்களே, தூக்கறதுக்கு. சொல்லிவைக்கட்டுங்களா?"

மனைவிக்கும் அது கேட்டது. அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லிவைங்க என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ராத்திரி தூக்கமாவது வரும்.

"வேண்டாங்க" என்றார். "அவங்க நடந்து வருவாங்க."

நான்கு நாள் கழித்துத் தங்கையின் காரில் மூன்று பேரும் போய் இறங்கினார்கள். அவர் பின்சீட்டில் இடுப்புப் பட்டையோடு, தலையணைகளுக்கு நடுவே, உடையும் சாமான் மாதிரி வந்தார். கீழ்க்குடில் சுத்தமாக, இதமாக இருந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மனைவி பையை மாட்டிக்கொண்டு ஷூ நாடாவைத் தானே குனிந்து கட்டினாள். பாத்து, மெதுவா என்று வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். விழுங்கியது அவளுக்குத் தெரிந்தது. "நாளைக்கு மதியம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாதையில் ஏறினாள். இடது காலைச் சற்று அழுத்திவைத்துத்தான் நடந்தாள். முதல் திருப்பத்தில் மரங்கள் அவளை மறைத்துக்கொண்டன.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை அவர் பாணியில் அளந்தால்கூடச் சொல்லி முடியாது. காப்பாளர் டீ கொண்டுவந்து கொடுத்தார், அது ஆறிப்போயிற்று. சாயங்காலம் லேசாக மழை தூறியபோது எழுந்து பாதை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். மேலே போன் எடுக்காது என்று தெரிந்தும் எத்தனை தடவை அடித்துப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. பயம், பயம், சுத்தமான பயம். கதவுக்கு வெளியே நின்று, நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்லக்கூட வழியில்லாத இடத்தில் அவள் இருந்தாள்.

மறுநாள் மதியம் தங்கை முதலில் வந்தாள். பின்னால், நிதானமாக, அவள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. பேன்ட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சேறு. இடது உள்ளங்கை சிராய்ந்து சிவந்திருந்தது. குடில் வாசலில் உட்கார்ந்திருந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"விழுந்தியா?"

"விழுந்தேன். ஓடையைத் தாண்டி, ஒரு ஈரப் பாறை."

"அப்புறம்?"

"எந்திரிச்சேன்."

அவர் தங்கையைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க மாமா. நான் முன்னாடி போயிட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பினா, அக்கா நின்னு மண்ணைத் தட்டிக்கிட்டிருக்கா."

அவர் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கையை வாங்கிப் பார்க்கவேண்டும், எங்கே வலிக்கிறது என்று கேட்கவேண்டும், டாக்டரிடம் காட்டவேண்டும் என்று ஆயிரம் வந்தது. அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"மேல எப்படி இருந்துச்சு?"

அவள் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, ஈரமான ஷூவைக் கழற்றிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.